555 புத்தகமும் 955 கோடுகளும்



நம் கேமரன் மலையில் விளைந்த தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்து அதன் பின்புறத்தைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகச் சில கோடுகள் இருக்கும். அவற்றின் கீழே 13 இலக்கங்கள். முதல் மூன்று இலக்கங்கள் பெரும்பாலும் 955. பேரங்காடியின் முகப்பில் பணம் வாங்குபவர் அந்தக் கோடுகளை ஒரு கண்ணாடியின் முன் காட்டுகிறார். 'பீப்' என்று ஒரு சத்தம். பொருளின் பெயரும் விலையும் திரையில் தோன்றிவிடுகின்றன. நாம் நாள்தோறும் பார்க்கும் காட்சிதான். ஆனால், அந்தக் கோடுகளுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நின்று யோசித்தவர்கள் நம்மில் சிலரே.

'பார்கோடு' என்று எல்லாரும் சொல்லும் இந்த முறையை ஆலயத்துப் பண்டகசாலைக்கும், அர்ச்சனைப் பொருள் விற்கும் முகப்புக்கும் கொண்டுவரலாமா? அன்பர்கள் கொடுக்கும் அரிசி, எண்ணெய், நெய், வேட்டி, சேலை, குத்துவிளக்கு ஆகியவற்றின் கணக்கு இதனால் செம்மைப்படுமா? இக்கேள்விகளுக்கு விடை காண, முதலில் அந்த முறை எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது நலம்.

கல்லில் எழுதிய கையிருப்பு

ஆலயப் பொருள்களைக் கணக்கிட்டு வைப்பது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராச சோழன், தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றையும் கோயிற் சுவரிலேயே வெட்டி வைக்கச் செய்தான். ஏறத்தாழ 1010-ஆம் ஆண்டுச் செய்தி இது. ஒவ்வோர் அணிகலனுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. அதில் எத்தனை முத்து, அவை எவ்வகை முத்து, எடை எவ்வளவு, அந்த எடையில் அரக்கும் சேர்ந்திருக்கிறதா என்பது வரை எழுதியிருக்கிறார்கள். செப்புத் திருமேனிகளின் உயரத்தைக் கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்து குறித்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றும் அக்கல்வெட்டுகளில் இருக்கிறது. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். மணிகள் பதித்த அணிகலன்களை நிறுத்த எடைக்கல்லுக்குத் 'தட்சிணமேருவிடங்கன்' என்று பெயர். இறைவனின் பெயரையே எடைக்கல்லுக்கு வைத்தார்கள். ஆளுக்கு ஒரு கல்லால் நிறுத்தால் கணக்கு ஒத்துவராது. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவு வேண்டும் என்பது இதன் உட்கருத்து.

இன்று பார்கோடு செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். எடைக்கல் எல்லாருக்கும் ஒரே அளவைத் தந்தது. பார்கோடு ஒரு பொருளுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே பெயரைத் தருகிறது.

தோட்டத்துக் கணக்கு

இந்த மலை 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரின் பெயரால் அறியப்படலாயிற்று. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1930-களில் பாரத் தேயிலைத் தோட்டமும் உருவாயிற்று. காட்டை அழித்து, செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் நம் முன்னோர்களே.

அவர்கள் வாழ்க்கை முழுதும் கணக்கோடு பின்னிக் கிடந்தது. விடியலில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தால்தான் அன்றைய நாள் கணக்கில் சேரும். கிள்ளிய கொழுந்தைத் தராசில் நிறுத்து, கிராணி தம் பதிவேட்டில் எழுதுவார். அந்த எண்ணிக்கைதான் மாதக் கடைசியில் சம்பளம். மளிகைக் கடையில் கடன் வாங்கினால், '555' என்று அட்டையில் அச்சிட்ட சிறிய புத்தகத்தில் கடைக்காரர் குறித்துக்கொள்வார். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் 'தீகா லீமா' புத்தகம் என்று சொன்ன அந்தச் சிறு நோட்டு, இந்நாட்டு மக்களின் கடன் வரலாற்றையே தாங்கியது எனலாம்.

அந்தப் புத்தகத்தில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, எழுதியவருக்கு மட்டுமே அதன் எழுத்து விளங்கும். 'தூள் 1' என்று இருந்தால் அது தேயிலைத் தூளா, மிளகாய்த் தூளா, அரைக் கிலோவா, கால் கிலோவா என்பது அவர் நினைவில்தான் இருக்கும். இரண்டு, கடன் எவ்வளவு என்று அது சொல்லுமே தவிர, கடையில் மிச்சம் எவ்வளவு என்று சொல்லாது. இந்த இரண்டு குறைகளையும் தீர்க்க முயன்றதுதான் பார்கோடு.

மணலில் பிறந்த கோடுகள்

1948-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், உணவுப் பொருள் கடைகளை நடத்திய நிறுவனத் தலைவர் ஒருவர், பணம் வாங்கும் இடத்திலேயே பொருளின் விவரத்தைத் தானாகப் படிக்க வழி உண்டா என்று கல்லூரி ஒன்றில் கேட்டார். அதைக் காதில் வாங்கிய பெர்னார்ட் சில்வர் என்ற மாணவர் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். சாரணர் இயக்கத்தில் மோர்ஸ் தந்திக் குறிகளைக் கற்றிருந்த உட்லண்ட், மயாமி கடற்கரை மணலில் அமர்ந்து புள்ளியும் கோடும் இட்டார். பிறகு விரல்களால் அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தார். மெல்லிய கோடுகளும் தடித்த கோடுகளும் உருவாயின. 1952-ல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது.

ஆனால், அக்கோடுகளைப் படிக்க லேசர் ஒளியும் மலிவான கணினியும் வரவேண்டியிருந்தது. 1973-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த முறையை அமெரிக்க வணிகர்கள் பொதுமுறையாக ஏற்றார்கள். 26.6.1974 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில், ஒரு பேரங்காடியில் 67 சென்டு விலையுள்ள ரிக்லி சூயிங்கம் கட்டு முதன்முதலாகப் படிக்கப்பட்டது. 1977-ல் ஐரோப்பியர் 13 இலக்க முறைக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். அது உலகெங்கும் பரவி, 2005 முதல் ஜி.எஸ்.1 என்ற பெயரில் இயங்குகிறது. நம் நாட்டில் மலேசிய உற்பத்தியாளர் சம்மேளனத்தைச் சார்ந்த ஜி.எஸ்.1 மலேசியா இந்த எண்களை வழங்குகிறது.

13 இலக்கங்களின் பொருள்

முதலில் வரும் 955 மலேசிய அமைப்புக்கு உரிய எண். இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479, சிங்கப்பூருக்கு 888. அடுத்து வருவது நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட எண். அதை அடுத்து அந்நிறுவனம் தன் பொருளுக்குத் தானே இடும் எண். கடைசியாக நிற்கும் ஒரே ஓர் இலக்கம் காவலாளி. அதற்குச் 'சரிபார்ப்பு இலக்கம்' என்று பெயர்.

மாணவர்கள் விரும்பும் சிறு கணக்கு இது. பயிற்சிக்காக 955123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 9+5+2+4+6+8 = 34. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள்: 5+1+3+5+7+9 = 30; மும்மடங்கு 90. இரண்டையும் சேர்த்தால் 124. இதை அடுத்த பத்தின் மடங்காகிய 130 ஆக்க 6 வேண்டும். ஆகவே 13-ஆவது இலக்கம் 6.

இனி ஒருவர் கையால் எண்ணைத் தட்டும்போது 7, 8 என்பதை 8, 7 என்று மாற்றித் தட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 126 ஆகிவிடும். கடைசி இலக்கம் 4 ஆக இருக்கவேண்டும். அங்கே 6 இருப்பதால் கணினி உடனே மறுத்துவிடும். ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இக்காவலாளி கட்டாயம் கண்டுபிடிப்பான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் கண்டுபிடிப்பான். ஐந்து வேறுபாடு உள்ள இரண்டு இலக்கங்கள், எடுத்துக்காட்டாக 2-ம் 7-ம், இடம் மாறினால் மட்டும் ஏமாந்துவிடுவான்.

படிக்கும் கருவியிலும் மாயம் ஏதும் இல்லை. கறுப்புக் கோடு ஒளியை விழுங்குகிறது. வெள்ளை இடைவெளி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவி இலக்கங்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. விசைப்பலகையில் ஒருவர் 13 இலக்கங்களைத் தட்டுவதற்கும் இதற்கும் கணினியைப் பொறுத்தவரை வேறுபாடே இல்லை. கருவி வேகமாகவும் பிழையின்றியும் தட்டுகிறது, அவ்வளவுதான்.

கோடுகளுக்குள் இல்லாதவை

பலரும் நினைப்பதுபோல் விலை அந்தக் கோடுகளில் இல்லை. அது கடையின் கணினியில் இருக்கிறது. 1.4.2015 அன்று 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தபோதும், 1.6.2018 அன்று அது சுழியமானபோதும், பொட்டலங்களில் இருந்த கோடுகளை யாரும் மாற்றவில்லை. கணினியில் இருந்த விலைப்பட்டியலைத்தான் மாற்றினார்கள். ஆகவே, அலமாரியில் ஒரு விலையும் முகப்பில் வேறு விலையும் வந்தால் குற்றம் கோடுகளுடையது அன்று. பட்டியலைத் திருத்த மறந்த மனிதருடையது. ரசீதைப் படித்துப் பார்க்கும் பழக்கத்தை நாம் விட்டுவிடக்கூடாது.

955 என்று இருந்தால் அது மலேசியாவில் செய்யப்பட்ட பொருள் என்பதும் சரியன்று. எண் பதிவான இடத்தைத்தான் அது காட்டும். பொருள் விளைந்த இடத்தையோ செய்யப்பட்ட இடத்தையோ காட்டாது. ஒரு பண்டம் சைவமா அசைவமா என்பதையும் அது சொல்லாது. நைவேத்தியத்துக்கு வாங்கும் பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதை உறையில் உள்ள எழுத்தைப் படித்துத்தான் அறியவேண்டும். காலாவதித் தேதியும் இந்தக் கோடுகளில் இல்லை. தேதியையும் தயாரிப்புத் தொகுதியையும் தாங்கக்கூடிய சதுரக் குறிகளை 2027-ஆம் ஆண்டு முடிவுக்குள் உலகக் கடைகள் படிக்க ஆயத்தமாகவேண்டும் என்று ஜி.எஸ்.1 இலக்கு வைத்திருக்கிறது. அது பரவும் வரை தேதியைக் கண்ணால் பார்ப்பதே வழி.

கணக்கு எங்கே தவறுகிறது?

கருவி வைத்தும் கையிருப்பு ஒத்துவராத கடைகள் பல உண்டு. காரணங்களைத் தேயிலைக் கடையை வைத்தே விளக்கலாம்.

சுற்றுலாப் பயணி ஒருவர் ஐந்து வகைத் தேயிலையில் ஒவ்வொரு பொட்டலம் எடுக்கிறார். விலை ஒன்றே. அவசரத்தில் முகப்பில் இருப்பவர் ஒரே பொட்டலத்தை ஐந்து முறை காட்டிவிடுகிறார். பணம் சரியாக இருக்கும். ஆனால் கணினியில் ஒரு வகை நான்கு குறைந்து, மற்ற நான்கு வகைகளும் ஒவ்வொன்று கூடி நிற்கும். மாலையில் பணப்பெட்டியை எண்ணுபவருக்கு இந்தத் தவறு தெரியவே தெரியாது.

அடுத்து, சரக்கு உள்ளே வரும் நேரம். ஒரு பெட்டியில் 24 பொட்டலங்கள் இருக்கும். வாங்கியவர் பெட்டியை 1 என்று பதிந்தால் தொடக்கத்திலேயே 23 குறைந்துவிடும். விற்கும் இடத்தில் விழிப்பாக இருப்பவர்கள்கூட வாங்கும் இடத்தில் அசட்டையாக இருப்பதுண்டு. கணக்கின் அடித்தளம் வாசலில் போடப்படுகிறது என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, விற்காமல் வெளியேறும் பொருள்கள். உடைந்தது, நனைந்தது, காலாவதியானது, மாதிரிக்குக் கொடுத்தது ஆகியவை 'பீப்' சத்தம் இல்லாமலே வெளியேறிவிடுகின்றன. அவற்றையும் காரணத்தோடு பதிந்தால்தான் ஏட்டில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒன்றாகும்.

எல்லா இடத்துக்கும் இம்முறை தேவை என்பதும் இல்லை. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் கீரையும் சோளமும் விற்பவருக்குத் தராசே போதும். பேரங்காடி அதே முட்டைக்கோசை நிறுத்து, எடையையோ விலையையோ சேர்த்துத் தானே ஒரு கோட்டுச் சீட்டை ஒட்டிக்கொள்கிறது. கடைக்குள் மட்டும் பயன்படுத்த 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் எண்களை உலக அமைப்பே ஒதுக்கி வைத்திருக்கிறது.

ஆலயத்துக்கு எது பொருந்தும்?

இந்தக் கடைசிச் செய்தி ஆலயங்களுக்கு மிகவும் பயன்படும். தேங்காய்க்கும் அகல் விளக்குக்கும் அர்ச்சனைத் தட்டுக்கும் தொழிற்சாலைக் கோடு கிடையாது. உள்பயன்பாட்டு எண்களை நாமே கொடுத்து, சீட்டாக அச்சிட்டு ஒட்டலாம். அல்லது முகப்பில் ஓர் அட்டையில் எல்லாக் கோடுகளையும் ஒட்டி வைத்து, பொருளுக்குப் பதிலாக அட்டையைப் படிக்கச் செய்யலாம். எண்ணெய்ப் புட்டி, நெய், ஊதுபத்தி போன்றவற்றில் ஏற்கெனவே உள்ள கோடே போதும்.

சில நடைமுறைக் குறிப்புகளை இங்கே சொல்லவேண்டும். மங்கலம் கருதிக் கோடுகளைச் சிவப்பு மையில் அச்சிடாதீர்கள். படிக்கும் கருவியின் ஒளி பெரும்பாலும் சிவப்பு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றாகவே தெரியும். திருநீறு படிந்த சீட்டும் படிக்காது. கறுப்புக் கோட்டை வெண்மை மூடிவிடுகிறது. ரசீதுத் தாள் போன்ற வெப்பத்தாளில் அச்சிட்ட சீட்டு மடைப்பள்ளிச் சூட்டில் கறுத்துவிடும். நம் மலையின் ஈரத்துக்கும் பனிக்கும் தாங்குகிற சீட்டாகப் பார்த்து வாங்கவேண்டும். பழைய சரக்கை முன்வரிசையிலும் புதிய சரக்கைப் பின்வரிசையிலும் அடுக்கும் பழக்கம் எந்தக் கருவிக்கும் முந்தியது. அது தொடர வேண்டும்.

விலைமதிப்புள்ள நிலையான பொருள்களுக்கு, அதாவது வெள்ளிக் கவசம், குடை, வாகனம், பித்தளை அண்டா ஆகியவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். 'குத்துவிளக்கு 12' என்று எழுதுவது போதாது. எது எந்த அன்பரின் காணிக்கை, எந்த ஆண்டு வந்தது, எடை எவ்வளவு, இப்போது எங்கே இருக்கிறது என்பது அந்த எண்ணின் கீழ் இருக்கவேண்டும். தஞ்சைக் கல்வெட்டு செய்து காட்டியது இதைத்தான். சீட்டைத் திருமேனியிலோ கவசத்திலோ ஒட்டக்கூடாது. அதை வைக்கும் பெட்டியில் ஒட்டினால் போதும்.

உண்டியலருகே வைக்கும் டியூட்நவ் கியூஆர் அட்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்பவரின் குழு, வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கிட உருவாக்கிய சதுரக் குறி அது. பணம் செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயர் ஆலயத்தின் பெயர்தானா என்று பாருங்கள். அட்டையின்மேல் வேறோர் அட்டையை ஒட்டி ஏமாற்றுவது எளிது. நிர்வாகத்தினரும் நாள்தோறும் அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

எண்ணிப் பார்க்கும் கை

ஒரு சிறு கணக்கோடு முடிவுக்கு வருவோம். மாதத் தொடக்கத்தில் நெய்ப் புட்டி 40. காணிக்கையாக வந்தவை 60. பயன்படுத்தியதாகப் பதிந்தவை 72. ஆகவே, இருக்கவேண்டியவை 28. அலமாரியில் எண்ணினால் 25. மூன்று புட்டிகள் எங்கே?

பதிவு இல்லாத இடத்தில் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது, கிசுகிசுதான் கிடைக்கும். பண்டகசாலைச் சாவியை வைத்திருக்கும் தொண்டரின் பெயர் அடிபடும். சம்பளமின்றி, குடும்ப நேரத்தை விட்டு வந்து உழைப்பவர் மனம் நொந்து சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். மூன்று புட்டி நெய்யை நாளையே வாங்கிவிடலாம். அந்தத் தொண்டரை வாங்க முடியாது. பதிவு இருக்குமானால், அன்னதானத்தன்று இரவு அவசரத்தில் எடுத்த மூன்று புட்டிகள் பதியப்படவில்லை என்பது தேதியோடு தெரிந்துவிட வாய்ப்பு உண்டு. கணக்கு என்பது ஒருவரைச் சந்தேகப்படுவதற்காக அன்று; நல்லவர்மீது சந்தேகம் விழாமல் காப்பதற்காக.

ஆனால், 28 இருக்கவேண்டும் என்று மட்டுமே கணினி சொல்லும். 25 இருக்கிறது என்பதை அலமாரிமுன் நின்று எண்ணும் மனிதர்தான் சொல்லவேண்டும். எண்ணிப் பார்க்காத பண்டகசாலையில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் வெறும் சத்தம் எழுப்பும் பெட்டியே. எனவே மூன்று வழக்கங்களைப் பரிந்துரைக்கிறேன். பொருள் வாசலுக்கு வந்தவுடன் அன்பர் முன்னிலையிலேயே பதிந்து ரசீது கொடுக்கவேண்டும். பண்டகசாலைப் பொறுப்பில் இல்லாத இருவர் மாதம் ஒருமுறை எண்ணவேண்டும். ஏட்டுக்கும் அலமாரிக்கும் உள்ள வேறுபாட்டை, சிறிதாயினும், காரணத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். இம்மூன்றும் நடக்கும் ஆலயத்துக்குப் பார்கோடு பெருந்துணை. இவை நடக்காத ஆலயம் முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றைப் பழகட்டும். கருவி பிறகு வரலாம்.

பொன்னும் மணியும் கொடுத்த அரசனே தன் கணக்கை எல்லாரும் பார்க்கும் சுவரில் எழுதி வைத்தான். கொழுந்து கிள்ளிச் சேர்த்த காசில் ஒரு புட்டி எண்ணெய் வாங்கித் தரும் தாய்க்கும் அந்த உரிமை உண்டு. அவர் கொடுத்த எண்ணெய் இறைவன் திருமுன் விளக்காக எரிந்தது என்பதை ஆலயம் அவருக்குக் காட்ட முடியவேண்டும். அதற்குத் துணைசெய்யும் எந்த முறையையும், அது கல்லாயினும் கோடாயினும், நாம் வரவேற்போம். எல்லாம் வல்ல இறைவன் நம் அறப்பணிகளுக்குத் துணை நிற்பானாக.